நன்றிக்கடன் தீர்த்த ஓரிரவு

2007-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 10-ஆம் நாள். இலண்டன் மாநகரில், தேம்ஸ் ஆற்றங்கரையிலுள்ள ஓ-டூ என்னும் பேரரங்கில் ஓர் இசை நிகழ்ச்சி நடைபெற்றது. அரங்கிலே அமரக்கூடியோர் ஏறத்தாழ 20,000 பேர். அனுமதிச் சீட்டு வேண்டி வந்து குவிந்த விண்ணப்பங்களோ 2 கோடி. ஒரே நிகழ்ச்சிக்கு இத்தனை விண்ணப்பங்கள் வந்த செய்தி, உலகச் சாதனைகளைத் தொகுக்கும் கின்னஸ் ஏட்டிலும் இடம்பெற்றது.

மேடையேறியவர்கள் ‘லெட் ஸெப்பலின்’ என்னும் ஆங்கிலேய ராக் இசைக்குழுவில் எஞ்சியிருந்த மூவரும், மறைந்துபோன நான்காமவரின் மகனும் ஆவர். அக்குழு கலைந்து 27 ஆண்டுகள் கடந்திருந்தன. பழைய குழுவினரை ஒருமுறையேனும் நேரிற் கண்டுவிட வேண்டுமென்று உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் வந்தனர். குழு கலைந்த காலத்தில் பிறந்தேயிராத இளைஞர்களும் அவர்களுள் இருந்தனர்.

இச்செய்திக்கும் நமக்கும் யாது தொடர்பு என்று வாசகர் வினவலாம். தொடர்பு உண்டு. அந்த இரவு எவருடைய நினைவுக்காக நடந்ததோ, அவர் அஹ்மத் எர்தெகுன் என்னும் துருக்கிய முஸ்லிம். இஸ்தான்புலின் உஸ்குதார்ப் பகுதியில், பழைய தைக்கா ஒன்றன் கபுரடியில் தம் முன்னோருக்கு அருகே அடங்கியிருப்பவர். கோடிக்கணக்கில் பொருள் தருவதாகப் பலர் அழைத்தும் கூடாத அக்குழுவினரை, அவர் இறந்த பின்பு அவர் மீதிருந்த நன்றியுணர்ச்சி ஒன்று சேர்த்தது. அவ்வரலாற்றை அறிவதில் நமக்குப் பயனுண்டு.

உஸ்குதார்த் தைக்கா

துருக்கியர் ‘தெக்கே’ என்று சொல்வதும் நாம் ‘தைக்கா’ என்று சொல்வதும் ஒரே சொல்லின் இரு வடிவங்களே. உஸ்குதாரின் சுல்தான்தெப்பே மேட்டில் உள்ள ‘உஸ்பெக்கியர் தைக்கா’ 18-ஆம் நூற்றாண்டிலே தோன்றியது. மத்திய ஆசியாவிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்டு வரும் நக்‌ஷபந்தி தரீக்காவினர் இஸ்தான்புலில் தங்கி இளைப்பாறிச் செல்வதற்கென அமைந்த இல்லம் அது. முதல் உலகப்போருக்குப்பின் அந்நிய நாட்டுப் படைகள் இஸ்தான்புலைக் கைப்பற்றியிருந்த காலத்தில், விடுதலைப் போராளிகளையும் ஆயுதங்களையும் அனத்தோலியாவுக்கு மறைவாக அனுப்பி வைத்த இடமாகவும் அது விளங்கிற்று.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அத்தைக்காவின் ஷைகாக இருந்தவர் இப்ராஹீம் அத்ஹம் அஃபந்தி (1829–1904). தச்சு வேலை, எந்திர வேலை எனப் பல கைத்தொழில்களில் தேர்ந்தவராதலால் மக்கள் அவரை ‘ஆயிரம் கலை வல்லார்’ என்னும் பொருள்பட ‘ஹஸார்ஃபன்’ என்று அழைத்தனர். நீரின் மேல் வண்ணங்களைத் தூவி, அவை உருவாக்கும் கோலத்தைத் தாளில் படிய வைக்கும் ‘எப்ரு’ என்னும் கலையிலும் அவர் வல்லவர். இன்று துருக்கியில் அக்கலையைப் பயில்வோர் பலர் தம் ஆசிரிய வழியை நஜ்முத்தீன் ஒக்யாய் வாயிலாக இந்த ஷைகிடம் கொண்டுசென்று சேர்ப்பர்.

ஷைகு அவர்களின் மகள்வழிப் பேரர் முஹம்மது முனீர். சட்டம் பயின்ற இவர், 1922–23-இல் லோஸான் நகரில் நடந்த உடன்படிக்கைப் பேச்சுகளில் துருக்கியத் தூதுக்குழுவுக்குச் சட்ட ஆலோசகராகச் சென்றார். துருக்கியர் யாவரும் குடும்பப் பெயர் சூட்டிக்கொள்ள வேண்டுமென்று 1934-இல் சட்டம் வந்தபோது ‘எர்தெகுன்’ என்னும் பெயரைக் கொண்டார். பெர்ன், பாரிஸ், இலண்டன் ஆகிய நகரங்களில் தூதராகப் பணியாற்றிய பின்னர் வாஷிங்டனுக்கு அனுப்பப் பெற்றார். அவருடைய மக்களே நஸூஹியும் அஹ்மதும். அஹ்மத் பிறந்தது 1923 ஜூலை 31-இல், இஸ்தான்புலில்.

தூதர் இல்லத்து முன்வாசல்

இலண்டனில் இருந்தபோதே, சிறுவன் அஹ்மதைத் தமையனார் நஸூஹி அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஜாஸ் இசை நிகழ்ச்சிகளுக்கு அழைத்துச் சென்றார். அன்று பற்றிய ஆர்வம் வாஷிங்டனுக்கு வந்த பின் வளர்ந்தது. ஆனால் அந்நகரில் அவர்கள் கண்ட காட்சி வேறு. அமெரிக்கத் தலைநகரிலேயே கறுப்பர்க்கு ஒரு நீதி, வெள்ளையர்க்கு ஒரு நீதி. பள்ளி, உணவகம், அரங்கம் யாவும் நிறத்தால் பிரிக்கப்பட்டிருந்தன. எந்தக் கலைஞரின் பாட்டை வெள்ளையர் காசு கொடுத்துக் கேட்டனரோ, அவரோடு ஒரே மேசையில் அமர்ந்து உண்ண மறுத்தனர்.

துருக்கியத் தூதரகம் அந்நாட்டுச் சட்டத்துக்கு அப்பாற்பட்ட மண். சகோதரர் இருவரும் கறுப்பின இசைவாணர்களை ஞாயிறுதோறும் தூதர் இல்லத்துக்கு விருந்துக்கு அழைத்தனர். ஒரே விரிப்பில் அமர்ந்து உண்ணப் பழகிய குடும்பத்தில் வந்தவர்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இல்லை. ஆனால் ஊரார்க்கு அது பெருங்குற்றமாகப் பட்டது. தென்மாநிலத்துச் செனட்டர் ஒருவர், கறுப்பர் ஒருவர் தூதர் இல்லத்தின் முன்வாசல் வழியே நுழையக் கண்டதாகவும், இந்நாட்டில் அவ்வழக்கத்தை ஊக்குவித்தல் ஆகாது என்றும் முனீர் அவர்களுக்கு மடல் எழுதினாராம். எம் இல்லத்துக்கு நண்பர்கள் முன்வாசல் வழியேதான் வருவர். தாங்கள் வருவதாயின் பின்வாசலை ஏற்பாடு செய்கிறோம் என்னும் கருத்தில் தூதர் விடை எழுதினாராம். இந்நிகழ்ச்சியை அஹ்மத் பிற்காலத்தில் பெருமையோடு நினைவுகூர்வார்.

1940-களின் தொடக்கத்தில், இரு நிறத்தாரும் ஒரே மேடையில் இசைக்க, இரு நிறத்தாரும் கலந்தமர்ந்து கேட்கும் நிகழ்ச்சி ஒன்றைச் சகோதரர்கள் வாஷிங்டனில் நடத்தத் துணிந்தனர். அரங்க உரிமையாளர் எவரும் இடந்தர முன்வரவில்லை. இறுதியில் இடமளித்தது யூதர்களின் சமுதாய மன்றம். முஸ்லிம் இளைஞர் இருவர் ஏற்பாடு செய்ய, யூதர் இடந்தர, கிறித்தவக் கறுப்பர் இசைத்த நிகழ்ச்சி அது.

1944 நவம்பரில் முனீர் எர்தெகுன் வாஷிங்டனில் காலமானார். உலகப் பெருவல்லரசின் தலைநகரில் அவருக்கு ஜனாஸாத் தொழுகை நடத்த ஒரு பள்ளிவாசல் இல்லை. வந்திருந்த முஸ்லிம் தூதர்களின் உள்ளத்தை இக்குறை உறுத்தியது. எகிப்தியத் தூதரும், பலஸ்தீனத்தில் பிறந்து அமெரிக்காவில் கட்டட ஒப்பந்தக்காரராக உயர்ந்த ஜோஸஃப் ஹவாரும் இதுபற்றிப் பேசியதன் விளைவாக ஒரு முயற்சி உருவாயிற்று. 1949-இல் அடிக்கல் நடப்பட்டது. 1957 ஜூன் 28-இல் ஜனாதிபதி ஐஸனோவர் கலந்துகொண்ட விழாவில் வாஷிங்டன் இஸ்லாமிய நிலையம் திறந்துவைக்கப் பெற்றது. துருக்கி ஓடுகளையும், எகிப்து பெரிய சரவிளக்கையும், ஈரான் கம்பளங்களையும் அளித்தன. ஒரு மையித்தைத் தொழவைக்க இடமில்லாத வருத்தமே ஒரு பள்ளிவாசலாக எழுந்து நின்றது.

முனீர் அவர்களின் உடலை, போர் ஓய்ந்தபின், 1946 ஏப்ரலில் ‘மிஸ்ஸூரி’ என்னும் அமெரிக்கப் போர்க்கப்பல் இஸ்தான்புலுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. ஜப்பான் சரணடைந்து கையெழுத்திட்டது அக்கப்பலின் மேல்தளத்தில்தான். தம் பாட்டனாரின் உஸ்பெக்கியர் தைக்காவிலே முனீர் நல்லடக்கம் செய்யப் பெற்றார்.

பல் மருத்துவரின் கடன்

தந்தை மறைந்தபின் குடும்பத்தினர் தாயகம் திரும்ப, மைந்தர் இருவரும் அமெரிக்காவிலேயே தங்கினர். 1947-இல் அஹ்மத், ஹெர்ப் ஏப்ரம்ஸன் என்பாருடன் சேர்ந்து ‘அட்லாண்டிக்’ என்னும் இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். முதலீடு, குடும்பத்துக்குத் தெரிந்த துருக்கியப் பல் மருத்துவர் ஒருவர் நம்பிக்கையின் பேரில் தந்த 10,000 டாலர். பெரிய நிறுவனங்கள் பொருட்படுத்தாத கறுப்பினப் பாடகர்களைத் தேடிச் சென்று பதிவு செய்தது அட்லாண்டிக். ரூத் பிரவுன், கண்பார்வையற்ற ரே சார்ல்ஸ் முதலியோர் இந்நிறுவனத்தின் வழியே உலகப் புகழ் பெற்றனர். நஸூஹியும் 1950-களின் நடுவில் வந்து சேர்ந்தார்.

வரலாறு எழுதுவோன் நிழலையும் மறைத்தல் ஆகாது. அக்காலத்து இசைத்தட்டுத் தொழில் பாடியவர்க்கு நேர்மையாகக் கணக்குத் தீர்த்த தொழிலன்று. அட்லாண்டிக்கின் தொடக்ககால வளர்ச்சிக்குப் பெருங்காரணமாயிருந்த ரூத் பிரவுன், பின்னாளில் வீட்டுவேலையும் பள்ளிப் பேருந்து ஓட்டும் வேலையும் செய்து பிழைக்க நேர்ந்தது. தமக்குரிய பங்குத்தொகைக்காக அவர் பல்லாண்டு போராடினார். 1988-இல் அந்நிறுவனம் பழைய கலைஞர் பலர்மீது எழுதிவைத்திருந்த கடன் கணக்குகளை நீக்கி, நலிந்த இசைவாணர்க்கு உதவும் அறநிதி ஒன்று தோன்றவும் பொருள் கொடுத்தது. காலந்தாழ்ந்த நீதிதான். ஆயினும் தரப்பட்டது. அஹ்மதின் வாழ்க்கைமுறை முழுவதையும் நம் இளைஞர்க்கு முன்மாதிரியாகக் காட்டுவதும் நம் நோக்கமன்று. இராக்கேளிக்கைகள் நிறைந்த உலகம் அவருடைய உலகம். மனிதர்க்கு அவர் காட்டிய மதிப்பையும், அதற்கு மனிதர் திருப்பித் தந்ததையுமே இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

நால்வரும் ஒரு முடிவும்

1968-இல் இங்கிலாந்தில் நான்கு இளைஞர்கள் ஒன்று கூடினர். கித்தார் வாசிப்பில் தேர்ந்த ஜிம்மி பேஜ், பாடகர் ராபர்ட் பிளாண்ட், பேஸ் கித்தாரும் விசைப்பலகையும் கையாண்ட ஜான் பால் ஜோன்ஸ், டிரம்ஸ் அடித்த ஜான் பான்ஹம். இவர்களை அட்லாண்டிக் ஏற்றுக்கொண்டது. புதிய குழுவொன்றுக்கு அந்நாள்வரை கேள்விப்படாத அளவில் 1,43,000 டாலர் முன்பணம் தந்ததாகச் சொல்வர்.

பணத்தினும் பெரிதாக அவர்களுக்குக் கிடைத்தது உரிமை. எதைப் பாடுவது, எப்படிப் பதிவது, உறையில் என்ன அச்சிடுவது என்பனவற்றைக் குழுவினரே முடிவு செய்யலாம். 1971-இல் வந்த நான்காவது இசைத்தட்டின் உறையில் தலைப்பும் இல்லை. குழுவின் பெயரும் இல்லை. வணிகம் அறிந்தோர் தலையில் அடித்துக்கொண்டனர். ஒப்பந்தம் ஒப்பந்தமே என்று நிறுவனம் வாக்கைக் காத்தது. அத்தட்டோ கோடிக்கணக்கில் விற்றது. கலைஞரை நம்பி விட்டுக்கொடுத்த இந்தப் பெருந்தன்மையை அந்நால்வர் மறக்கவில்லை.

அவர்களுடைய இசையிலும் நம் வாசகர் அறியத்தக்க ஒரு பகுதி உண்டு. 1975-இல் வெளியான ‘காஷ்மீர்’ என்னும் பாட்டு அவர்களின் தலைசிறந்த ஆக்கங்களுள் ஒன்றாகக் கொள்ளப்படுகிறது. பெயர்தான் காஷ்மீர், பாட்டெழுதிய பிளாண்ட் அதற்குமுன் காஷ்மீரத்தை மிதித்தவரல்லர். 1973-இல் தெற்கு மொராக்கோவில் தான்தான் நகரை நோக்கிச் செல்லும் முடிவில்லாத பாலைவழியிலே பயணம் செய்தபோது பிறந்த வரிகள் அவை. டிரம்ஸ் நான்கு நான்காக எண்ணிச் செல்ல, கித்தார் மூன்று மூன்றாக எண்ணிச் சுழலும். இரண்டும் பிரிந்து பிரிந்து மீண்டும் ஓரிடத்தில் கூடும். மொராக்கோவில் கேட்ட உம்மு குல்ஸூமின் குரல் தம்மை ஆட்கொண்டதைப் பிளாண்ட் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

1980 செப்டம்பர் 25-இல் ஜான் பான்ஹம் இறந்தார். வயது 32. ஒரே நாளில் அளவிறந்து அருந்திய மது அவர் உயிரைக் குடித்தது. மதுவைத் தீமைகளின் தாய் என்று நம் முன்னோர் சொல்லிவந்ததற்கு இதைவிடத் துயரமான சான்று வேண்டுவதில்லை. அவர் விட்டுச்சென்ற மகன் ஜேஸனுக்கு அப்போது வயது 14. மற்ற மூவரும் வேறொருவரை அமர்த்திக்கொண்டு தொழிலைத் தொடர்ந்திருக்கலாம், கேட்போர் இருந்தனர், பணமும் இருந்தது. ஆனால் தம் நண்பர் இன்றித் தாங்கள் முன்போல் இயங்க இயலாது என்று அவ்வாண்டு டிசம்பரில் அறிவித்துவிட்டுக் கலைந்தனர்.

குறைப்பட்ட கூட்டங்கள்

கலைந்தவர் மீண்டும் கூடாமல் இல்லை. 1985 ஜூலை 13-இல், எத்தியோப்பியப் பஞ்சநிவாரணத்துக்காக ஃபிலடெல்ஃபியாவில் நடந்த பெருநிகழ்ச்சியில் மூவரும் வேறிரு டிரம்ஸ் கலைஞரோடு மேடையேறினர். பயிற்சி போதவில்லை, கருவிகளும் ஒத்துழைக்கவில்லை. அந்நிகழ்ச்சியைப் பின்னர் வெளியிடவும் அவர்கள் இசையவில்லை. 1988 மே 14-இல் அட்லாண்டிக் நிறுவனத்தின் 40-ஆம் ஆண்டு விழாவில் ஜேஸன் தந்தையின் இடத்தில் அமர்ந்து வாசித்தார். அன்றும் எதிர்பார்த்த அளவுக்கு அமையவில்லை.

1994-இல் பேஜும் பிளாண்டும் மட்டும் இணைந்து வேறொரு வழியில் முயன்றனர். மராகிஷ் நகருக்குச் சென்று, கினாவா இசைவாணர்களோடு அமர்ந்து வாசித்தனர். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் வழிவந்த இந்தக் கினாவாக்கள், ஹள்ரத் பிலால் (ரலி) அவர்களைத் தம் ஆன்மிகத் தலைவராகப் போற்றுவோர். மராகிஷின் ஜாமிஉல் ஃபனா சதுக்கத்திலும் ஒரு பாட்டு படமாக்கப்பட்டது. இலண்டனில் நடந்த பகுதியிலே, கெய்ரோவில் பிறந்த தாளக் கலைஞர் ஹுஸாம் ரம்ஸியின் தலைமையில் எகிப்தியக் குழுவினர் ‘காஷ்மீர்’ பாட்டுக்குத் தபலாவும் வயலினும் சேர்த்தனர். பாலையிலே பிறந்த பாட்டு தன் உறவினரைக் கண்டுகொண்டது போலிருந்தது அது. அடுத்த ஆண்டு இவர்கள் உலகப் பயணமும் மேற்கொண்டனர். ஆனால் மூன்றாமவராகிய ஜோன்ஸுக்கு அழைப்பு இல்லை. அந்த மனவருத்தம் ஊரறிந்ததாயிற்று. எத்துணைச் சிறப்பாக இசைத்தபோதிலும், இது குழு கூடியது ஆகாது என்றே மக்கள் கருதினர்.

ஒரு மரணமும் ஓர் அழைப்பும்

2006 அக்டோபர் 29-இல், நியூயார்க் நகரத்து பீகன் அரங்கில் நடந்த இசை நிகழ்ச்சிக்குச் சென்றிருந்த அஹ்மத் எர்தெகுன் கால் இடறி வீழ்ந்தார். தலையில் அடிபட்டு நினைவிழந்தவர் டிசம்பர் 14-இல் தம் 83-ஆம் வயதில் இறையடி எய்தினார். நான்கு நாள் கழித்து, அவர் விருப்பப்படியே உஸ்குதாரில், தந்தைக்கும் தமையனுக்கும் பாட்டியாரின் தந்தை ஷைகு அத்ஹம் அஃபந்திக்கும் அருகில், உஸ்பெக்கியர் தைக்காவில் அடக்கம் நடந்தது. அத்தைக்காவைச் சீர்ப்படுத்த அவர் வாழ்நாளில் உதவியிருந்தார். உலகெல்லாம் சுற்றிய கால்கள் இறுதியில் அம்மேட்டிலே ஓய்ந்தன.

அவர் பெயரால் கல்வி நிதி ஒன்று நிறுவி, பிரிட்டன், அமெரிக்கா, துருக்கி ஆகிய நாடுகளின் பல்கலைக்கழக மாணவர்க்கு உதவித்தொகை வழங்குவதென முடிவாயிற்று. அதற்குப் பொருள் சேர்க்க ஒரு நிகழ்ச்சி வேண்டும். மூவருக்கும் அழைப்புச் சென்றது. இருபத்தேழு ஆண்டுகளாகப் பெருந்தொகை பேசி அழைத்தோர்க்கெல்லாம் ஒத்துவராத மூவரும் இவ்வழைப்புக்கு இசைந்தனர். ஜோன்ஸும் உடன் இருந்தார். நான்காம் இருக்கைக்கு ஜேஸன் வந்தார்.

முன்னைய தவறுகளை இம்முறை அவர்கள் மீளச்செய்யவில்லை. பல வாரம் கதவடைத்துப் பயிற்சி செய்தனர். பேஜின் விரல் முறிந்தமையால் நவம்பர் 26-இல் நடக்கவிருந்த நிகழ்ச்சி இரு வாரம் தள்ளிப்போயிற்று. வயதின் காரணமாகச் சில பாடல்களைச் சுருதி இறக்கி அமைத்துக்கொண்டனர். சீட்டுகள் குலுக்கல் முறையில் வழங்கப்பட்டன. விலை 125 பவுன். கள்ளச் சந்தைக்காரர் கைக்குப் போகாதபடி, வாங்கியவரே அடையாளம் காட்டி உள்நுழைய வேண்டுமெனக் கட்டுப்பாடு விதித்தனர். வேறோர் அறக்கொடைக்காக ஏலம் விடப்பட்ட இரண்டு சீட்டுகளுக்கு ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் 83,000 பவுன் தந்து பெற்றார்.

குறித்த இரவில், நரைத்த தலையோடு 63 வயது பேஜ், 61 வயது ஜோன்ஸ், 59 வயது பிளாண்ட், 41 வயது ஜேஸன் ஆகிய நால்வரும் மேடையில் தோன்றினர். முதலில் எடுத்தது, 1969-இல் அட்லாண்டிக் வெளியிட்ட முதல் இசைத்தட்டின் முதற் பாட்டு. அஹ்மத் தங்களை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்தே கணக்கைத் தொடங்கினர் எனலாம். இரண்டு மணி நேரத்துக்கு மேலாகப் 16 பாடல்கள். மிகப் புகழ்பெற்ற நெடும்பாட்டொன்றை முடித்ததும் பிளாண்ட், மறைந்த நண்பரைப் பெயர் சொல்லி விளித்து, அஹ்மத், செய்துவிட்டோம் என்னும் கருத்தில் மேடையிலிருந்து உரைத்தார். இறுதிக்குச் சற்று முன்னர் ‘காஷ்மீர்’ ஒலித்தது. தந்தை அமைத்த தாளத்தை மகன் தாங்கி நின்றான்.

2012-இல் அந்நிகழ்ச்சி திரைப்படமாக வெளிவந்தது. அதைக் காண்போர் ஒன்றைக் கவனிப்பர். மூத்தவர் மூவரும் அடிக்கடி ஜேஸனை நோக்கித் திரும்புகின்றனர். மேடையின் விளிம்பில் பிரிந்து நில்லாமல் அவனருகே நெருங்கிக் கூடுகின்றனர். தங்களைக் காண வந்த இருபதினாயிரம் பேரைவிட, தங்களுள் ஒருவனாய் இருந்தவனின் மகனைக் காண்பதிலேயே அவர்களுக்கு நாட்டம் மிகுந்திருந்தது போலும்.

நேரில் கேட்டல்

இசைத்தட்டுகள் வீடுதோறும் இருக்க, முதுமையுற்றவர் பாடுவதைக் கேட்க 2 கோடி விண்ணப்பம் ஏன்? இளமையில் பாடிய குரலன்றோ தட்டில் இருக்கிறது? இவ்வினாவுக்கு விடை நம் ஹதீதுக் கலை வரலாற்றில் உண்டு. திருநபி மொழியையும் கேளிக்கைப் பாட்டையும் ஒரே தட்டில் நிறுத்துவதாக எவரும் கொள்ளற்க. இசை பற்றி நம் உலமாக்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டையும் நாம் மறக்கவில்லை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யாவிலே ஸமாஉ என்னும் இசை கேட்டலின் ஒழுங்குகளுக்கெனத் தனிப்பகுதியே வகுத்து, ஆகுவது எது ஆகாதது எது என ஆராய்ந்துள்ளார்கள். நாம் இங்கு நோக்குவது மனித உள்ளத்தின் இயல்பொன்றை மட்டுமே.

டமாஸ்கஸ் நகரின் ஸாலிஹிய்யாப் பகுதியில் அஹ்மத் இப்னு அபீதாலிப் என்னும் கல்தச்சர் வாழ்ந்தார். தொழிலால் அவரை ‘அல்ஹஜ்ஜார்’ என்பர். ‘இப்னுஷ் ஷிஹ்னா’ என்றும் அழைப்பர். கோட்டையில் கல்வேலை செய்து பிழைத்த எளியவர். சிறுவனாயிருந்தபோது, ஹிஜ்ரி 630-இல், அல்ஸபீதீ என்னும் ஷைகிடம் ஸஹீஹுல் புகாரியை அமர்ந்து கேட்டிருந்தார். அதன்பின் பல்லாண்டுகள் அதனை எவரும் அறியவில்லை. ஹிஜ்ரி 706-இல், அக்காலத்தில் கேட்டோரின் பெயர்ப் பதிவில் இவர் பெயரை அறிஞர்கள் கண்டெடுத்தனர். அல்ஸபீதீயிடம் நேரில் கேட்டவர் ஒருவர் இன்னும் உயிரோடு நம் தெருவிலே கல் உடைத்துக்கொண்டிருக்கிறார் என்று அறிந்ததும் அவர்கள் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. அவர்முன் புகாரி ஷரீஃப் ஏறத்தாழ 60 முறை ஓதப்பட்டதென இப்னு கதீர் (ரஹ்) எழுதுகிறார்கள். இப்னு கதீர் அவர்களே அவரிடம் கேட்டவர்தாம். எகிப்தின் சுல்தான் அந்நாஸிரும் அவரிடம் கேட்டுத் தம் கையாலேயே அவருக்குப் பொன்னாடை போர்த்தினார். நூறு வயது கடந்து ஹிஜ்ரி 730-இல் அவர் மறைந்தார்.

புகாரியின் ஏடுகள் அந்நாளில் டமாஸ்கஸில் இல்லாமலா போயின? அவரினும் மிகக் கற்ற ஆலிம்கள் அந்நகரில் நிறைந்திருந்தனர். ஆனால் இமாம் புகாரி (ரஹ்) மறைந்த ஹிஜ்ரி 256-க்கும் இக்கல்தச்சர் மறைந்த 730-க்கும் இடையே உள்ள 474 ஆண்டுகளை ஐந்தே மனிதர்கள் பாலமாய் நின்று கடத்திவிட்டனர். அந்தப் பாலத்தின் கடைசிக் கல்லைத் தொட்டுவிட வேண்டும் என்பதே மக்கள் வேட்கை. ஏட்டில் இருப்பது எழுத்து. கேட்டவரின் முகத்தைக் காணும்போது, இஃது உண்மையாக நடந்தது, மனிதரிடையே நடந்தது என்னும் உறுதி பிறக்கிறது. இலண்டன் அரங்கில் கூடியோரும், தாம் அறிந்தோ அறியாமலோ, இவ்வேட்கையாலேயே உந்தப்பட்டனர்.

இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. கல்தச்சர் தம் புகழுக்காக ஓதவில்லை. கேட்டதைக் கேட்டவாறு ஒப்படைத்தார். 1988-இல் குறைப்பட்டது 2007-இல் நிறைவுற்றதற்கும் இதனையொத்த காரணம் கூறலாம். ஜேஸன் தந்தையின் பழைய நிகழ்ச்சிப் பதிவுகளை நுணுகிக் கேட்டுத் தேர்ந்து வந்திருந்தார். மூத்தவரும் தம் பெருமையை நிலைநாட்ட வரவில்லை. தம்மினும் மூத்தவர் ஒருவருக்குப் பட்ட கடனைத் தீர்க்க வந்தனர். ஒப்படைக்க வந்தவனுக்குப் பணிவு தானே வருகிறது. பணிவு வந்த இடத்தில் உழைப்பும் வருகிறது.

கடன் தீர்ந்த பின்

அந்த ஓரிரவின் வெற்றிக்குப்பின், உலகப் பயணம் செல்லுமாறு அவர்களை வற்புறுத்தாதார் இல்லை. பிளாண்ட் உடன்படவில்லை. மற்றவர்கள் வேறு பாடகரை வைத்துச் சிறிது காலம் முயன்று பார்த்துக் கைவிட்டனர். ‘லெட் ஸெப்பலின்’ என்னும் பெயரால் முழு நிகழ்ச்சி மீண்டும் நடைபெறவில்லை. இதனைச் சிலர் பிடிவாதம் என்பர். 1980-இல் நண்பனுக்காகக் கலைந்தவர்கள், 2007-இல் மற்றொரு நண்பருக்காகக் கூடி, கூடிய காரணம் முடிந்ததும் பிரிந்தனர் என்பதே இக்கட்டுரையாளன் கருத்து. கூடியதற்கும் பிரிந்ததற்கும் காரணம் ‘வஃபா’ என்று நாம் போற்றும் அந்த ஒரு பண்பே.

மனிதர்க்குச் செலுத்தும் நன்றியை இறைவனுக்குச் செலுத்தும் நன்றியோடு பிணைத்துப் பேசும் நபிமொழியை நம் வாசகர் அறிவர். நன்றி என்பது வாயால் சொல்லி முடிப்பதன்று. செய்தவர் கண் மூடிய பின்னும் நினைந்து, அவர் பெயரால் பிறர்க்குப் பயன்படும் ஒன்றைச் செய்து வைப்பதே நிறைவான நன்றி. அவ்விரவு சேர்ந்த பொருள் மாணவர் கல்விக்குச் சென்றது. 2012-இல் அஹ்மதின் துணைவியார் மீக்கா, ஆக்ஸ்ஃபோர்டுப் பல்கலைக்கழகத்தில் இலக்கியம், வரலாறு முதலிய துறைகளில் உயர்கல்வி கற்போர்க்கென 2 கோடியே 60 இலட்சம் பவுன் வழங்கினார். இருவர் பெயராலும் அந்நிதி வழங்குகிறது. தாங்கள் யாருடைய நினைவால் கற்கிறோம் என்று அம்மாணவர்கள் ஆராய்ந்து பார்ப்பின், ஓர் இசைத்தட்டு வணிகரைத் தாண்டி, முன்வாசலைத் திறந்துவைத்த ஒரு தூதரையும், அவரையும் தாண்டி, ஹஜ்ஜுக்குச் செல்லும் வழிப்போக்கர்க்குக் கதவடைக்காத ஒரு தைக்காவையும் காண்பர்.

நம் ஊர்களிலும் பள்ளிக்கூடம் கட்டியவர், கிணறு வெட்டியவர், ஏழைப் பிள்ளைகளை ஓத வைத்தவர் எனப் பலர் கபுரடியில் அடங்கியிருக்கின்றனர். அவர்களால் பயன் பெற்றோர் ஓரிரவேனும் ஒன்றுகூடி, அவர்கள் பெயரால் ஒரு மாணவனுக்கு வழி திறப்பாராயின், அதுவே அன்னார்க்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.